பூங்கா விளக்கும் சேரி இருட்டும்: மண்ணுக்குள் போன கேபிளின் வரலாறு

அம்பத்தூரில் ஒரு பூங்காவைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நடைபாதை ஓரமாகவும் மரங்களைச் சுற்றியும் அலங்கார விளக்குகள் வைக்கப் போகிறார்கள். அதற்கான மின்கம்பி வெளியே தெரியாமல் மண்ணுக்கடியில் பைப்புக்குள் போக வேண்டும். அந்தப் பள்ளத்தைத் தோண்ட வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் மணல் மேட்டிலேயே கிடக்கிறார்கள் என்று தெருத் தோழர் ஒருவர் சொன்னதால் நாங்கள் அங்கே போனோம். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேசத்தான் போனோம். பேச்சு பள்ளத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

கடப்பாரையால் மண்ணை நெம்பிக்கொண்டிருந்த அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். “இந்தப் பைப்பு எதுக்குன்னு தெரியுமாக்கா?” என்று கேட்டோம்.

“மரத்துக்கு லைட்டு போடப் போறாங்களாம்” என்று சிரித்தார். “எங்க தெருவுல மனுசனுக்கே லைட்டு எரியல. போஸ்ட்டு இருக்குது, பல்பு கிடையாது. சுடுகாட்டுக்குப் போற வழியில போஸ்ட்டும் கிடையாது. ராத்திரி பொணம் எடுத்தா செல்போன் லைட்டு அடிச்சிக்கினுதான் போவோம்.”

அவர் சொன்னதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. மண்ணைத் தோண்டியவர் யார்? எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது? வெளிச்சம் யார் வாசலுக்குப் போனது? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

சென்னையின் மின்சாரப் பள்ளம்

மின்கம்பியை மண்ணுக்குள் மறைப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. நம்மில் பலர் பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பது, தலைக்கு மேல் கம்பி தொங்கும் டிராம். தொடக்கத்தில் அது அப்படி இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரைமட்டத்தில் நீளமான ஒரு பிளவு இருந்தது. பிளவுக்குக் கீழே சிறு கால்வாய் போன்ற அமைப்பு, அதற்குள் மின்கம்பி. வண்டியிலிருந்து ஒரு கை கீழே நீண்டு அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும்.

தெருவுக்கு மேலே கம்பிகள் தொங்கினால் நகரத்தின் அழகு கெடும் என்ற எண்ணம் அக்காலத்து ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் வலுவாக இருந்தது. அந்த ஊர்களுக்கு ஏற்ற ஏற்பாடு சென்னைக்கும் வந்தது. சென்னையின் வடகிழக்குப் பருவமழை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மழைநீர் அந்தக் கால்வாய்களில் நிறைந்து சேதப்படுத்தியது. கடைசியில் நிலத்தடி முறையைக் கைவிட்டு மேலே கம்பி கட்டினார்கள். டிராம் 1953 வரை ஓடியது. மண்ணுக்குள் போன கம்பி மட்டும் தாக்குப்பிடிக்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைத்துவிட்டால் ஆபத்து முடிந்துவிடாது. தண்ணீர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். இந்தப் பாடத்தை நாம் 2019இல் மறுபடியும் படித்தோம். அதற்குப் பிறகு வருவோம்.

டிராம் ஓடத் தொடங்கிய தேதி எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிளவுக்குக் கீழே குனிந்து மண் அள்ளியவர்களின் பெயர் நாங்கள் படித்த எந்த நகர வரலாற்றிலும் இல்லை.

தோண்டியவர்கள்

பெயர் இல்லாவிட்டாலும் தடம் இருக்கிறது. அன்று அம்பத்தூர் என்பது செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை தாலுகாவில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். ஏரி உடையும் நிலை வந்தால் கரையைக் காக்க ஆட்கள் வந்தாக வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. வெள்ளக் காலத்தில் உழைக்கும் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், பாசன வேலைகளில் வழக்கமாகச் செய்துவந்த உழைப்பைச் செய்ய வைக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. சாதிக்கும் உழைப்புக்கும் முடிச்சுப் போட்டிருந்த ஊரில் ‘வழக்கம்’ என்ற சொல்லின் பொருள் சேரிக்குத் தெரியும். நிலம் ஒருவருக்கு, பாசன நீர் ஒருவருக்கு, கரையில் மண்கூடை மட்டும் நமக்கு.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பசியோடு நகரத்துக்கு வந்தவர்களை வைத்து, 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்கள். ஏறக்குறைய 8 கிலோமீட்டர். இன்று பறக்கும் ரயிலில் போகும்போது கீழே தெரிகிற அந்தக் கறுப்பு நீர் ஓடும் தடம், கஞ்சிக்காக வெட்டப்பட்ட பள்ளம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். உழுகிற நிலம் மட்டுமில்லை, குடியிருக்கிற மனையும் மிராசுதாரரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே துரத்த முடியும் என்ற நிலையை அது காட்டியது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை போராடும் நிலங்களுக்கு அடித்தளமான 1892ஆம் ஆண்டு அரசாணை அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்ததுதான். நிலம் இல்லாதவர் கடப்பாரையோடு நகரத்துக்கு வருவதன் காரணம் இங்கே தொடங்குகிறது.

மண் வேலையையே குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட ஒட்டர் என்னும் போயர் மக்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஊர் ஊராகக் குளமும் கிணறும் வெட்டியவர்கள் அவர்கள். அவர்களையே சில மாவட்டங்களில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் அடைத்து வைத்தது வெள்ளை அரசு. நாங்கள் பார்த்த அம்பத்தூர் பள்ளத்தில் இந்த இரண்டு வரலாறும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தன.

விளக்கைப் பிடித்தவர், வெளிச்சத்தில் நடந்தவர்

மின்சாரம் வருவதற்கு முன்பும் வெளிச்சத்துக்குச் சாதி இருந்தது. சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி சுற்றி, எண்ணெய் ஊற்றி, கூடவே பிடித்துக்கொண்டு நடப்பது பல ஊர்களில் வண்ணார் குடியின் கடமையாக இருந்தது. பெட்ரோமாக்ஸ் வந்த பிறகு கல்யாண ஊர்வலங்களில் தலையில் கேஸ் லைட்டைச் சுமந்து இரு பக்கமும் நடந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். மாப்பிள்ளையின் முகம் போட்டோவில் பளிச்சென்று விழும். விளக்கைச் சுமந்தவரின் முகம் அந்த விளக்குக்குக் கீழே இருட்டில் இருக்கும்.

தெருவுக்குள் நடப்பதே அப்போது உரிமைப் பிரச்சினை. 1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கவும் புழங்கவும் தடை இல்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அந்தப் போராட்டங்களின் சாறுதான் 1950இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவாக வந்தது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது.

பூங்கா என்பது அந்தப் பட்டியலில் வரும் பொதுமக்கள் கூடும் இடம். அதன் வாசலில் இன்று நம்மை யாரும் சாதி கேட்பதில்லை. ஆனால் நுழையும் உரிமை ஒன்று, பொதுப்பணம் எந்த இடத்தில் வெளிச்சமாக மாறுகிறது என்பது இன்னொன்று. மின்கம்பம் பிரதான சாலையில் தொடங்குகிறது, ஊர்த்தெருவைச் சுற்றுகிறது, கடைசியாகச் சேரிக்கு வருகிறது. வரிசையில் கடைசி வீட்டுக்குத்தான் வோல்டேஜ் குறையும். பல்பு போனால் கடைசியாக மாற்றப்படுவதும் அங்கேதான். இதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் சாதி எழுதியிருக்கத் தேவையில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று மண்ணில் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறார்கள். கம்பி அந்தக் கோட்டின் மேல் போகிறது.

அண்ணலும் மின்சாரமும்

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பது நமக்குத் தெரியும். அந்தத் துறையின் கீழ் மின்சாரமும் வந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசிய அவர், இந்தியாவுக்கு மின்சாரம் எதற்காக என்ற கேள்வியிலிருந்தே தொடங்கினார். அவருடைய வாதத்தில் மின்சாரம் ஓர் அலங்காரப் பொருள் இல்லை. தொழில் வளர மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும். தொழில் வளர்வதுதான் மக்கள் வறுமைச் சுழலிலிருந்து வெளியே வர வழி. அதைத் தனியார் லாபத்துக்கு விட்டுவிடாமல் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 1944இல் மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம் அவர் காலத்தில் அமைந்தது. 1948இல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியில் 1957 ஜூலை 1 அன்று நம் மாநில மின்சார வாரியம் பிறந்தது.

ஆக, மின்சாரம் யாருக்கு என்ற கேள்வியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அண்ணல் விட்டுச்சென்ற கேள்வி.

ஏரியிலிருந்து எஸ்டேட்டுக்கு

அண்ணல் சொன்ன தொழில்மயம் அம்பத்தூருக்கு வந்தது. 1949இல் இங்கே சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. 1964இல் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அது தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. பாடி, கொரட்டூர், பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டு என்று சுற்றியிருந்த ஊர்களின் சேரிகளிலிருந்து முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் லேத்துப் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் போனார்கள். அவர்களின் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் அப்படிப் படித்து வந்தவர்கள் உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பழைய சென்னையின் பெரும்பகுதியில் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது. அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களில் நெடுங்காலம் தலைக்கு மேல்தான் கம்பி. இணைந்த பிறகு நகரத்தின் அழகும் இங்கே வரத் தொடங்கியது. பூங்கா, ஏரிக்கரை நடைபாதை, செயற்கை நீரூற்று, மரத்தடியில் பச்சை விளக்கு. நடப்பதற்கு நல்ல இடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டறையில் பத்து மணி நேரம் நின்றவருக்கும் பூங்கா பெஞ்சு வேண்டும். மாலையில் பெண்கள் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் வேண்டும். ஆனால் நீர்நிலையை அழகாக்குவது என்றால் கரையில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்துவது என்ற பழக்கமும் கூடவே வருகிறது. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

2025 ஏப்ரல் 29 அன்று ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. தெருவின் பெயர்ப்பலகை மாறட்டும். அந்தப் பலகையை இரவில் படிக்க ஒரு விளக்கும் வேண்டும்.

ஆழம் என்பது உயிர்

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருவோம். நாங்கள் பார்த்தபோது அதன் ஆழம் முழங்காலைக்கூடத் தொடவில்லை. “இன்னும் தோண்டணும் இல்லையா?” என்று கேட்டோம். “மீட்டருக்கு இவ்ளோன்னுதான் கூலி. ஆழத்துக்குக் கூலி இல்ல” என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன். கோடையில் கல்லாக இறுகும் களிமண். நீளத்துக்கு மட்டும் கூலி என்றால் பள்ளம் ஆழமாகாது. இதற்குத் தோண்டுகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது. கூலியை வகுத்தவர் ஆழத்தையும் வகுத்துவிட்டார்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1255 நெறிமுறை, வீட்டுக்கும் தெருவிளக்குக்கும் போகிற குறைந்த அழுத்தக் கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது. கிட்டத்தட்ட இரண்டரை அடி. அடியில் மணல் பரப்ப வேண்டும். மேலேயும் மணல் மூடி, அதன்மேல் செங்கல் அல்லது பலகைக்கல் அடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் யாராவது மண்வெட்டியைப் போட்டால் முதலில் கல்லில் படும். இதற்கும் மேலே எச்சரிக்கை நாடா போடுவது நல்ல வழக்கம். பூங்காவில் இது இன்னும் முக்கியம். அங்கே தினமும் செடி நடுவார்கள், மண் கொத்துவார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள். வேர் பைப்பை நெரிக்கும். பெருச்சாளி வளை தோண்டும். அதனால் கெட்டியான பைப்பு, தண்ணீர் புகாத இணைப்புப் பெட்டி, எல்லா விளக்குக் கம்பத்துக்கும் எர்த், மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் ஆகியவை கட்டாயம் வேண்டும். முடிந்த இடத்தில் 12 அல்லது 24 வோல்ட் தோட்ட விளக்குகளைப் பயன்படுத்தினால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

இவற்றை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், மின்பெட்டிக்கு அருகே தேங்கிய மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2019 செப்டம்பரில், போரூரை ஒட்டிய முகலிவாக்கத்தில், தெருவிளக்குக்காக மண்ணில் புதைத்த கேபிளிலிருந்து கசிந்த மின்சாரம் 14 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொன்றது. மழை பெய்திருந்தது. அவன் தெருவில் நடந்து போனான், அவ்வளவுதான். 1895இல் டிராம் கால்வாயில் புகுந்த அதே பருவமழை. அன்று கம்பெனிக்கு நட்டம். இன்று உயிர் நட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதை நாம் பார்த்தோம். இந்த மண்ணில் ஆழமில்லாமல் புதைக்கிற ஒவ்வொரு கேபிளும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கிறது.

அப்போது முதலில் மாட்டுபவர் யார்? தண்ணீர் தேங்கிய பூங்காவில் வாறுகாலைத் திறந்துவிடப் போகிற தூய்மைப் பணியாளர். செடிக்கு மண் கொத்தும் தோட்டத் தொழிலாளி. வெறுங்காலோடு விளையாடும் பிள்ளை. பள்ளத்தைத் தோண்டுகிறவரும், பள்ளத்தின் ஆழம் குறைந்ததால் சாகிறவரும் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மண் மூடி, புல் பதித்த பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. அந்த அக்கா சொன்னதும் இதுதான்: “மூடிட்டா யாருக்குத் தெரியும்?” ஆகவே மூடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 2(ஒ) என்று தமிழில் தேட வேண்டாம்; தகவல் அறியும் உரிமை என்பதன் பொருளைச் சொல்லும் பகுதியைப் படியுங்கள். ஆவணங்களின் நகல் கேட்பது மட்டுமில்லை, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் அது நமக்கு உரிமை தருகிறது. அரசு வேலைகளில் ஒவ்வொரு அளவும் அளவுப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். தோழர்களே, உங்கள் வார்டில் கேபிள் பள்ளம் தோண்டினால் அந்தப் புத்தகத்தில் எழுதிய ஆழத்தையும் பள்ளத்தில் இருக்கும் ஆழத்தையும் ஒரு டேப் வைத்து ஒப்பிடுங்கள். அது போதும்.

இரண்டாவது, கூலி. நீளத்தோடு ஆழத்துக்கும் சேர்த்துக் கூலி கணக்கிட வேண்டும். பள்ளம் தோண்டுகிற ஒவ்வொருவரையும் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விபத்து நடந்தால் “அவர் எங்கள் ஆள் இல்லை” என்று யாரும் கைகழுவ முடியாதபடி ஒப்பந்தத்தில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வரிசை. ஒரு வார்டில் அலங்கார விளக்குக்குப் பணம் ஒதுக்கும் முன், அதே வார்டில் எரியாத தெருவிளக்குகளின் பட்டியலையும், விளக்கே இல்லாத சேரிப் பாதை, பொதுக் கழிப்பிடப் பாதை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் பட்டியலையும் வெளியிட வேண்டும். மனிதர் நடக்கும் பாதைக்கு விளக்கு வந்த பிறகு மரத்துக்குப் பச்சை விளக்கு போடட்டும். நாமும் போய் உட்கார்ந்து பார்ப்போம்.

மூன்று பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வாரத்தில் பள்ளம் மூடப்பட்டது. குடும்பங்கள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டன. பிள்ளைகளும் போய்விட்டார்கள். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கு அருகே இருக்கிறார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பூங்காவில் விளக்கு எரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதன் கீழே எத்தனை சென்டிமீட்டர் மண் இருக்கிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டு மனு போட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே எழுதுவோம்.

ஜெய்பீம்.